ஒன்பது வரித் துண்டும் ஒன்பதாயிரம் ரூபாவும்

களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து வந்த கேள்வி, சுருக்கமாக: அம்மாவுக்கு வயது 66. சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ட்ரோல் மூன்றும் இருக்கிறது. பின்னேரத்தில் ஊரில் பார்க்கும் டொக்டரிடம் மாதம் ஒருமுறை காட்டுகிறோம். எழுதித் தரும் மருந்துத் துண்டில் ஒன்பது மருந்து. பாமசியில் 9,000 ரூபாவுக்கு மேல் போகிறது. அதே தெருவில் இன்னொரு டொக்டர் காய்ச்சல், தடிமனுக்கு மருந்தையும் கட்டிக் கொடுத்துச் சில நூறு ரூபாவோடு அனுப்பிவிடுகிறார். ஏன் இந்த வித்தியாசம்? ஆஸ்பத்திரியில் தரும் பெயரில்லாத குளிசைக்கு மாறினால் பிழையா? தம்பியின் மகனுக்கு முட்டு (ஆஸ்துமா). வாயில் அடிக்கும் பம்பின் விலை கூடுதல், பாணியே போதாதா?

இரண்டு டொக்டர்மாரையும் ஒரே தராசில் வைக்க முடியாது. மருந்தைத் தானே கட்டிக் கொடுப்பவர் 500, 1000 என்று வரும் பெரிய டப்பாக்களில், கம்பனிப் பெயரில்லாமல் மருந்தின் பெயரிலேயே வரும் பொதுப்பெயர்க் குளிசை வாங்குகிறார். பார்வைக் கட்டணமும் மருந்தும் சேர்த்து ஒரே தொகைதான் வாங்குவார். விலை கூடியதைக் கொடுத்தால் நட்டம் அவருடைய சட்டைப்பையில். ஆகவே கை தானாக மலிவானதை நோக்கிப் போகும், மருந்தும் மூன்று நாளோடு நிற்கும். துண்டு எழுதுபவருக்கு அந்தக் கணக்கு இல்லை. எழுதுவது அவர், விற்பது பாமசி, காசு கொடுப்பது நீங்கள். தான் எழுதும் குளிசை ஒன்று இன்று என்ன விலை என்று கேட்டால் உடனே சொல்லக்கூடிய டொக்டர்மார் குறைவு. அரச ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து, பின்னேரம் வரிசையாக ஆட்களைப் பார்க்கிற இடத்தில் ஒரு வரியைச் சேர்ப்பது அரை நிமிட வேலை. ஒரு வரியை வெட்டுவதற்கோ பழைய துண்டைப் பார்க்கவேண்டும், கால் வீக்கத்தை அழுத்திப் பார்க்கவேண்டும், நோயாளிக்கு விளங்கப்படுத்தவேண்டும். அதனால் துண்டு வருடா வருடம் வளரும், குறுகுவது அரிது. உங்கள் 9,000இல் பெரும் பங்கு இந்த நீளத்துக்குத்தான் போகிறது. கம்பனிப் பெயரின் விலை அதற்கு அடுத்த காரணம்.

அம்மாவின் துண்டை வரிவரியாகப் பார்ப்போம். மெட்போர்மின் எஸ்.ஆர். 500, காலை மாலை. கிளிக்லசைட் எம்.ஆர். 60, காலை. அம்லோடிபின் 10. ஃபுரோசமைட் 40இல் அரைக் குளிசை. பொட்டாசியம் குளோரைட். ரொசுவாஸ்டட்டின் 10, இரவு. எசொமெப்ரசோலும் டொம்பெரிடோனும் சேர்ந்த கப்சூல், காலையில் வெறும் வயிற்றில். பி விற்றமின் கூட்டுக் குளிசை. கல்சியம்.

அம்மாவுக்கு இருக்கும் மூன்று வருத்தத்துக்கும் மருந்து என்று பார்த்தால் இதில் நான்குதான்: மெட்போர்மின், கிளிக்லசைட், அம்லோடிபின், ரொசுவாஸ்டட்டின். மற்ற ஐந்தும் இந்த நான்கின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தவை போலத் தெரிகிறது.

அம்லோடிபினில் இருந்து தொடங்குங்கள். 5 மில்லிகிராம் 10 ஆன பிறகுதான் கணுக்கால் வீங்கத் தொடங்கியதா என்று அம்மாவிடம் கேளுங்கள். அது இந்த மருந்தின் நன்கு தெரிந்த பக்க விளைவு. அளவு கூடினால் வீக்கமும் கூடும். நுண் இரத்தக் குழாய்களுக்குள் இரத்தம் வரும் வழி விரிகிறது, வெளியேறும் வழி அந்த அளவுக்கு விரிவதில்லை. அழுத்தத்தில் நீர் கசிந்து காலில் நிற்கிறது. உடம்பில் மொத்த நீர் கூடியதால் வந்த வீக்கம் இல்லை என்பதால், சலம் போகச் செய்கிற ஃபுரோசமைட் இதற்குப் பெரிதாக உதவாது. ஆனாலும் எழுதப்படுகிறது. ஃபுரோசமைட் சலத்தோடு பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். கால் குரக்கை பிடிக்கும். பொட்டாசியம் எழுதப்படும். குரக்கை முழுதாக நிற்கவில்லை என்றால் கல்சியமும் சேரும். ஒரு குளிசையின் அளவைக் கூட்டியதில் முளைத்தது மூன்று வரி.

இதை அவிழ்க்க வழக்கமான வழி, அம்லோடிபினை 5க்கு இறக்கி, பிரஷருக்கு லொசார்டான் 50ஐச் சேர்ப்பது. இரண்டு மருந்தும் குறைந்த அளவில் சேர்ந்து வேலை செய்யும். லொசார்டான் வெளியேறும் வழியையும் விரிப்பதால் கால் வீக்கம் குறையும். சலத்தில் அல்புமின் என்ற புரதம் போகும் சீனி நோயாளிக்குச் சிறுநீரகத்தையும் காக்கும். இங்கே ஒரு கண்டிப்பு இருக்கிறது. லொசார்டான் இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். லொசார்டானைத் தொடங்கிவிட்டு, பழைய துண்டில் இருந்த பொட்டாசியக் குளிசையையும் விடாமல் விழுங்கினால் இதயத் துடிப்பே குழம்பும். ஃபுரோசமைட், பொட்டாசியம் இரண்டையும் எப்படி நிறுத்துவது என்று அதே நாளில் தெளிவாகக் கேட்டுக்கொள்ளவேண்டும். லொசார்டான் தொடங்கி ஒன்று, இரண்டு கிழமைக்குள் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டையும் இரத்தத்தில் பார்ப்பது முறை. கால் வீக்கம் இதயத்தாலோ சிறுநீரகத்தாலோ ஈரலாலோ வந்திருந்தால் இந்தக் கதையே வேறு. அப்போது ஃபுரோசமைட் தேவையான மருந்து. அதனால்தான் வெட்டும் வேலை டொக்டருடையது, கேட்கும் வேலை உங்களுடையது.

அடுத்த சங்கிலி வயிறு. மெட்போர்மின் தொடங்கிய நாட்களில் வயிறு ஊதல், வயிற்றாலே போதல், குமட்டல் வருவது சாதாரணம். 500இல் ஒன்றைச் சாப்பாட்டோடு தொடங்கி, கிழமைக்கு ஒரு குளிசை என்று ஏற்றினால் பலருக்கு அது இரண்டு மூன்று கிழமையில் அடங்கிவிடும். அவசரமாக ஏற்றினால் ‘கேஸ்’ என்று புகார் வரும், எசொமெப்ரசோல் கப்சூல் துண்டில் ஏறும். ஏறியது இறங்காது. ஒமெப்ரசோல் வகை மருந்து பெரும்பாலான நெஞ்செரிவுக்கு நான்கு முதல் எட்டுக் கிழமை போதும். ஆண்டுக்கணக்கில் போனால் பி12 உறிஞ்சப்படுவது குறையும். மெட்போர்மினும் நீண்ட காலத்தில் பி12ஐக் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் கால் விறைப்பு, எரிவு. அதைச் சீனியால் வந்த நரம்பு வருத்தம் என்று எடுத்துக்கொண்டு பி கூட்டுக் குளிசை எழுதுவார்கள். அந்தக் கூட்டில் பி6 பெரிய அளவில் இருந்தால், மாதக்கணக்கில் எடுக்கும்போது அதுவே நரம்பைக் கெடுக்கும். கால் விறைப்புக்கு வாங்கும் குளிசை கால் விறைப்பைத் தரலாம் என்றால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. பி12 குறைவு என்று சந்தேகம் இருந்தால் அதைச் சோதித்து, குறைவாக இருந்தால் பி12 மட்டும் எடுப்பதே சரி.

எசொமெப்ரசோலைத் திடீரென்று நிறுத்தினால் ஒன்றிரண்டு கிழமைக்கு அமிலம் பழையதைவிடக் கூடுதலாகச் சுரக்கும். ‘பார்த்தீங்களா, குளிசை இல்லாமல் இருக்க ஏலாது’ என்று திரும்பத் தொடங்குவது அதனால்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று குறைத்து, நடுவில் எரிவு வந்தால் சாதாரண அன்டாசிட் பாணி குடித்துச் சமாளிக்கலாம். அஸ்பிரினோ மூட்டு நோவுக் குளிசையோ எடுப்பவர்கள், முன்பு குடற்புண்ணில் இரத்தம் போனவர்கள் இதை நிறுத்தக் கூடாது.

கல்சியத்தைப் பற்றி ஒரு சொல். நெத்தலியை முள்ளோடு ஆக்கும் வீட்டில், எருமைத் தயிர் சட்டியாக வாங்கக் கிடைக்கும் மட்டக்களப்பில், எலும்புத் தேய்வு என்று சோதித்துச் சொல்லாத ஒருவருக்கு இந்த வரி ஏன் என்று கேட்பதில் தவறில்லை.

மிச்சம் இருக்கும் நான்கின் விலைக்கு வருவோம். எஸ்.ஆர்., எம்.ஆர். என்பவை மெதுவாகக் கரையும் வகை. சாதாரண மெட்போர்மின் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டால் சீனியைக் குறைப்பதில் இரண்டும் ஒன்றுதான். (எஸ்.ஆர். எடுப்பவர்கள் மலத்தில் குளிசை முழுதாக வருகிறது என்று பயப்படுவதுண்டு. வருவது வெறும் கோது. மருந்து உள்ளே கரைந்துவிட்டது.) கிளிக்லசைட் எம்.ஆர். 30 என்பது ஏறத்தாழச் சாதாரண கிளிக்லசைட் 80க்குச் சமம். ஆகவே எம்.ஆர். 60க்குப் பதில் 80 காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன். இலக்கத்தைப் பார்த்து 60ஐவிட 80 கூட என்று நினைத்து ஒன்றை விட்டுவிடுவதும், எம்.ஆர். 60க்குப் பதிலாக எம்.ஆர். 80 தேடுவதும் நடக்கிற பிழைகள். ரொசுவாஸ்டட்டின் 10க்கு ஈடு அட்டோவாஸ்டட்டின் 20 முதல் 40. மெட்போர்மின், கிளிக்லசைட் 80, லொசார்டான், அம்லோடிபின், அட்டோவாஸ்டட்டின் ஐந்தும் அரச கிளினிக்கில் இலவசமாகக் கொடுக்கும் மருந்துகள். அதாவது சரியாக அவிழ்த்தால் அம்மாவின் மாதச் செலவு களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்குப் போய் வரும் பஸ் காசாகச் சுருங்க இடமுண்டு.

பெயரில்லாத குளிசை பற்றிய பயம் பழையது. பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியில் 1971இல் அரச மருந்துப் பொருட்கள் கூட்டுத்தாபனம் தொடங்கியதே கம்பனிப் பெயருக்குக் கொடுக்கும் காசை மிச்சப்படுத்தி, பொதுப்பெயரில் மொத்தமாக வாங்கத்தான். இன்றும் அந்தக் கூட்டுத்தாபனத்தின் பாமசியான ஒசுசலவில் அந்த வழியில் வரும் மருந்து கிடைக்கிறது. இரத்மலானையில் இருக்கும் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் பரசிட்டமோல், மெட்போர்மின், லொசார்டான் போன்றவற்றை இங்கேயே செய்கிறது. அதே நேரம் பயம் முழுவதும் கற்பனை என்றும் சொல்ல மாட்டேன். 2023இல் தரமற்ற இமியூனோகுளோபியூலின் ஊசிமருந்து அரச ஆஸ்பத்திரிகளுக்குள் வந்த விவகாரத்தை எல்லாரும் அறிவார்கள். ஆனால் அதற்குக் காவல் கம்பனிப் பெயர் இல்லை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் அந்த மருந்து பதியப்பட்டிருக்கிறதா, திரும்பப் பெறச் சொன்ன தொகுதியா என்பதுதான் பார்க்கவேண்டியது. பதிவில்லாமல் பொதியில் வந்த கம்பனி மருந்தைவிடப் பதிவுள்ள பொதுப்பெயர்க் குளிசை எத்தனையோ மேல்.

கம்பனி மாற்றக் கூடாத சில மருந்துகள் உண்டு, அவற்றை மலிவைப் பார்த்து மாதா மாதம் மாற்ற வேண்டாம்: வலிப்புக்கான ஃபெனிடோயின், கார்பமசெப்பின், தைரொக்சின், வார்ஃபரின், லித்தியம், சிறுநீரக மாற்று செய்தவர்கள் எடுப்பவை. இவற்றில் இரத்தத்தில் சிறு ஏற்ற இறக்கமும் ஆளைப் படுக்க வைக்கும். மாற்றியே ஆகவேண்டும் என்றால் டொக்டருக்குச் சொல்லி, இரத்தம் சோதித்துத்தான்.

விலைக் கட்டுப்பாடு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை வந்தது. 2022இல் ரூபா விழுந்தபோது மார்ச்சில் 29 வீதம், ஏப்ரல் கடைசியில் 60 மருந்துகளுக்கு 40 வீதம் என்று ஏற்றினார்கள். 2023 ஜூனில் 16 வீதம் இறக்கினார்கள். ஏறியதையும் இறங்கியதையும் கணக்குப் போட்டால் 100 ரூபா 180ஐத் தாண்டி, திரும்பி 150க்குக் கிட்ட அப்போது வந்து நின்றது. இந்தக் கட்டுப்பாடு பட்டியலில் இருந்த மருந்துக்கு மட்டும். இரண்டு மருந்தை ஒன்றாக்கிய கூட்டுக் குளிசையோ புதிதாக வந்த மருந்தோ அதற்கு வெளியே இருந்தால் விலை தன்பாட்டில் போகும். லொசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைட்டும் தனித்தனியாக வாங்கினால் என்ன, சேர்ந்த குளிசை என்ன என்று பாமசியில் இரண்டு விலையையும் கேட்டுப் பாருங்கள். கூட்டுக் குளிசைக்கு இன்னொரு பாடும் உண்டு. அது கடையில் முடிந்துபோனால் இரண்டு மருந்தும் ஒரே நாளில் நின்றுபோகும்.

பாமசி மேசையில் நிற்கும்போது செய்யவேண்டியது. துண்டில் நாள் எப்படி எழுதப்படுகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: 3/7 என்றால் மூன்று நாள், 2/52 என்றால் இரண்டு கிழமை, 1/12 என்றால் ஒரு மாதம். பி.டி. என்றால் நாளுக்கு இரண்டு தரம், டி.டி.எஸ். மூன்று தரம், மேனே காலை, நொக்டே இரவு. கையில் பத்துக் குளிசை மிச்சம் இருந்தால் ‘இதில் இருபது போதும்’ என்று முதலே சொல்லவேண்டும். கார்ட்டை வெட்டிய பிறகு திருப்பி எடுக்கமாட்டார்கள். கேள்வியை ‘விலை குறைஞ்சது இருக்கா’ என்று கேட்காமல், ‘லொசார்டான் 50இல் என்னென்ன கம்பனி இருக்கு, ஒவ்வொன்றும் குளிசை என்ன விலை’ என்று கேளுங்கள். பதில் தெளிவாக வரும். கார்ட்டில் இருந்து வெட்டித் தரும்போது காலாவதித் திகதி அச்சடித்த முனை கடைக்காரரிடம் போய்விடும், உங்கள் கையில் திகதியில்லாத துண்டு வரும். வெட்ட முதல் திகதியைப் பாருங்கள், உறையில் எழுதி வாங்குங்கள். பாமசிஸ்ட் இல்லாத நேரம் நிற்கும் பையன் ‘இதுவும் அதுவும் ஒன்றுதான்’ என்று மாற்றித் தந்தால் வாங்க வேண்டாம்.

குளிசையின் விலை மில்லிகிராமுக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. கணக்கு விளங்க ஓர் உதாரணம்: 20 மில்லிகிராம் ஒன்று 15 ரூபா, 40 மில்லிகிராம் ஒன்று 22 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 40ஐப் பாதியாக்கினால் 20க்கு 11 ரூபா விழும். மாதத்துக்கு 120 ரூபா மிச்சம். அட்டோவாஸ்டட்டின், லொசார்டான் போன்றவற்றில் நடுவில் கோடு போட்டு வரும் சாதாரணக் குளிசைகளை இப்படி உடைக்கலாம். எஸ்.ஆர்., எம்.ஆர். என்று எழுதியவை, குடலில் கரையும்படி பூச்சுப் பூசியவை, கப்சூல்கள் ஆகியவற்றை உடைத்தாலோ அரைத்தாலோ நாள் முழுவதும் வரவேண்டிய மருந்து ஒரே மூச்சில் வரும், அல்லது வயிற்று அமிலத்தில் வீணாகும்.

கிளினிக்குக்கும் தனியாருக்கும் இடையில் ஓடித் திரிவதில்தான் மிகப் பெரிய ஆபத்து. கிளினிக்கில் லொசார்டான் என்று வெள்ளை உறையில் தருவார்கள். தனியாரில் அதே லொசார்டான் வேறு பெயரில், வேறு நிறத்தில் வரும். இரண்டையும் எடுத்துவிட்டுத் தலை சுற்றி விழுந்து, விழுந்ததற்குத் தலைச்சுற்றுக் குளிசை வாங்கி வருபவர்கள் வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் உண்டு, கிழக்கே எழுவான்கரையிலும் உண்டு. எங்கே காட்டினாலும் கிளினிக் கொப்பியைக் கையில் கொண்டுபோங்கள். வீட்டில் உள்ள எல்லாக் கார்ட்டையும் ஒரு பையில் போட்டு, மேசையில் கொட்டுங்கள். டொக்டருக்கு அது தொந்தரவாக இருக்கும், பரவாயில்லை. ‘டொக்டர், இதில எதை நிப்பாட்டலாம்?’ என்ற கேள்விக்கு வரும் பதில், ‘வேற ஏதாவது மருந்து எழுதித் தாங்க’ என்பதற்கு வரும் பதிலைவிட மலிவு.

கிளினிக்கில் ஒரு மருந்து முடிந்துவிட்டால் வெளியில் எடுக்கச் சொல்லித் துண்டு தருவார்கள். அந்த ஒரு மருந்தை மட்டும் பொதுப்பெயரில் வாங்குங்கள். அதற்காக முழுக் கதையையும் தனியாருக்கு மாற்றத் தேவையில்லை. வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவர்களுக்குக் கிளினிக் நாள் என்றால் ஒரு நாள் கூலியும் போகிறது, அதையும் செலவில் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும். சீனியும் பிரஷரும் கட்டுக்குள் இருந்தால் கிட்ட உள்ள பிரதேச வைத்தியசாலைக்கோ ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவுக்கோ மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

இனி அந்த மலிவான உறை. சின்னக் காகித உறை, மேலே 1-0-1 அல்லது மூன்று கோடு, உள்ளே நான்கைந்து நிறத்தில் குளிசை. பெயர் இல்லை. காய்ச்சல் தடிமனுக்கான உறைகளில் பரசிட்டமோல் இருக்கும், தூக்கம் வரவைக்கும் மஞ்சள் சின்னக் குளிசை குளோர்பெனிரமின் இருக்கும், பெரும்பாலும் ஓர் அன்டிபயோட்டிக் கப்சூல் இருக்கும். சில உறைகளில் பிரட்னிசொலோன் அல்லது டெக்சாமெதசோன் இருக்கும். அது ஸ்டீரொய்ட், ஒரே நாளில் காய்ச்சலும் நோவும் மறைந்து, ‘இந்த டொக்டருக்குக் கைராசி’ என்று பெயர் வரும். அம்மாவைப் போன்ற சீனி நோயாளிக்கு அது சீனியை ஏற்றும். அடிக்கடி எடுத்தால் முகம் ஊதும், எலும்பு தேயும், உள்ளே இருக்கும் தொற்றை மூடி மறைக்கும். சில நூறு ரூபாவின் உண்மையான விலை இது.

அன்டிபயோட்டிக்கைப் பற்றியும் கணக்கு ஒன்று. அமொக்சிசிலின் தேவைப்படும் தொற்றுக்கு 500 மில்லிகிராம் நாளுக்கு மூன்று தரம், ஐந்து நாள் என்றால் 15 கப்சூல். மூன்று நாள் உறையில் வருவது ஒன்பது. தேவையில்லாத தடிமனுக்கு ஒன்பதும் வீண்; தேவையான தொற்றுக்கு ஒன்பது போதாது. இரண்டு பக்கமும் நட்டம். மூக்கொழுகல், தொண்டை நோவு, இருமல் என்று வரும் வைரஸ் தடிமனுக்குக் கோ-அமொக்சிக்ளேவ் 625, அசித்ரோமைசின் 500 எழுதுவது துண்டின் விலையை இரட்டிப்பாக்கும், வருத்தத்தை ஒரு நாள்கூடக் குறைக்காது. நீர்போல வயிற்றாலே போகும் பிள்ளைக்கும் அப்படித்தான். உப்பும் சீனியும் சேர்ந்த ஜீவனித் தூள் ஒரு பொதியை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து, 24 மணித்தியாலத்துக்குள் முடித்து, மிச்சத்தை ஊற்றிவிடவேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்குச் சிங்க் 20 மில்லிகிராம் 10 முதல் 14 நாள். இரத்தம் போனால் மட்டும் அன்டிபயோட்டிக் பேச்சு.

மாரி மழைக் காலத்தில், நவம்பரில் இருந்து பெப்ரவரி வரை, பெயரில்லாத உறையை வாங்கவே வேண்டாம் என்பேன். மட்டக்களப்பில் டெங்கு ஏறும் காலம் அது. டைக்ளோஃபெனக், இபுப்ரோஃபென், மெஃபனமிக் அசிட் மூன்றும் டெங்குவில் இரத்தக் கசிவைக் கூட்டும். ஊசியாகப் போட்டாலும் அதே மருந்துதான். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும், பெரியவருக்கு ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இரண்டு குளிசைக்கு மேல் போகாமல். மூன்றாம் நாள் இரத்தச் சோதனை. வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலையும் நினைவுபடுத்தவேண்டும். அதற்கு முன்காப்பாகக் கிழமைக்கு 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊடாக இலவசமாகவே கிடைக்கிறது. அம்பாறை வயற்காரருக்கு இது விதைநெல் போல முக்கியம்.

உறையை வாங்கும்போது ‘ஒவ்வொன்றின் பெயரையும் எழுதித் தாங்க டொக்டர்’ என்று கேளுங்கள். அடுத்த தரம் வேறு டொக்டரிடமோ அவசரப் பிரிவிலோ காட்டவேண்டி வந்தால் அந்த எழுத்துத்தான் கைகொடுக்கும். ஊரில் ஓரிருவர் கேட்கத் தொடங்கினால் போதும், அச்சடித்த உறை தானாக வரும்.

எந்த டொக்டர் நியாயமாக எழுதுகிறார் என்பதை ஊர்ப்பேச்சை வைத்து முடிவெடுக்காமல் எண்ணிப் பார்க்கவும் வழியுண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்களை வைத்து ஆய்வாளர்கள் சொல்லும் எல்லை: ஒரு தடவைக்குச் சராசரியாக 1.6 முதல் 1.8 மருந்து, அன்டிபயோட்டிக் உள்ள துண்டு நூற்றுக்கு 20 முதல் 27க்குள், ஊசி உள்ளது 13 முதல் 24க்குள், பொதுப்பெயரில் எழுதியது நூற்றுக்கு நூறு. ஒரு டிஸ்பென்சரியைச் சரியாக அளக்க 100 துண்டாவது வேண்டும். வீட்டில் அத்தனை இருக்காது. குடும்பத்தில் எல்லாருடையதுமாகக் கடைசி இருபது துண்டை எடுத்து விரித்தாலே போக்குத் தெரியும். ஆனால் இந்த 1.8ஐ அம்மாவின் துண்டுக்குப் போடாதீர்கள். அது எல்லா நோயாளருக்குமான சராசரி; மூன்று நீண்டகால வருத்தம் உள்ளவருக்கு ஐந்து மருந்து நியாயமே. தடிமனுக்கு ஐந்து என்றால்தான் கேள்வி. இன்னோர் அடையாளமும் உண்டு: நல்ல டொக்டரின் துண்டுகளில் அவ்வப்போது ஒரு வரி காணாமல் போயிருக்கும்.

கடைசியாகத் தம்பியின் மகன். பாணி மலிவு என்பது போத்தலின் விலையை மட்டும் பார்க்கும் கணக்கு. சல்பியூட்டமோல் பம்பில் இரண்டு தரம் அடித்தால் 200 மைக்ரோகிராம் நேரே சுவாசக் குழாய்க்குப் போகும். வாயால் கொடுப்பது மில்லிகிராம் கணக்கு. இரண்டு மில்லிகிராம் என்றாலே பத்து மடங்கு. அது வயிற்றுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, நெஞ்சு படபடத்து, கை நடுங்கிய பிறகு கொஞ்சம்தான் நுரையீரலுக்குப் போகும். பம்பின் வாய் நுழையும் அளவுக்கு அடியில் துளை போட்ட அரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தலை, பம்புக்கும் வாய்க்கும் நடுவில் மருந்தைப் பிடித்து வைக்கும் ஸ்பேசராகப் பாவிக்கலாம். துளையைச் சுற்றி டேப் ஒட்டிக் காற்று கசியாமல் பார்க்கவேண்டும், போத்தலின் வாயைப் பிள்ளை வாயில் வைத்து, ஒரு தரம் அடித்து ஐந்தாறு முறை சாதாரணமாக மூச்செடுக்கவேண்டும். பிறகு அடுத்தது. கிழமையில் இரண்டு நாளுக்கு மேல் முட்டு வந்தால் பெக்ளோமெதசோன் போன்ற தடுப்புப் பம்ப் வேண்டும். அதையும் அரச கிளினிக்கில் தருகிறார்கள். அடித்த பின் வாய் கொப்பளிக்கவேண்டும்.

ஒரு பம்பில் 200 தடவை இருக்கும். நாளுக்கு நான்கு என்றால் 50 நாள். மருந்து தீர்ந்த பிறகும் காற்று மட்டும் அடிக்கும், சத்தமும் அதேதான், அதனால் வெறும் பம்பை மாதக்கணக்கில் அடித்துக்கொண்டிருப்பார்கள். தொடங்கிய திகதியையும் முடியவேண்டிய திகதியையும் டப்பாவிலேயே பேனையால் எழுதிவிடுங்கள்.